கேள்வி–பதில்: முந்நூறு பேரும் மற்றவர்களும்

சென்ற இதழில், சிறிய படையொன்று பெரும்படையை மறித்து நின்ற பழங்காலப் போர் ஒன்றைக் கூறுமாறு ஏறாவூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கி.மு. 480இல் ஸ்பார்ட்டாவின் 300 வீரர்கள் தெர்மோப்பிலே என்னும் கணவாயில் தனித்து நின்று, பாரசீகப் பேரரசின் படையை மூன்று நாட்கள் தடுத்து மடிந்த கதையை அவருக்கு விடையாக எழுதியிருந்தேன். நான்கே வரிகள்தாம். அந்த நான்கு வரிகளுக்காக மட்டக்களப்பிலும் அம்பாறையிலுமிருந்து வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன; அவற்றுள் முதலாவது என் பிழையையே எடுத்துக்காட்டுகிறது. ஆகவே இம்மாதப் பக்கங்களை அந்த ஒரு போருக்கே ஒதுக்கியிருக்கிறேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

முந்நூறு பேர் ‘தனித்து’ நின்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கிரேக்கத்தின் மற்ற நகரத்தார் எல்லோரும் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி)

ஐயா, அந்தச் சொல் பிழையானது, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான வரலாறு ஹெரோடோட்டஸ் எழுதியது. போர் நடந்து சில பத்தாண்டுகளுக்குப் பின்னர் எழுதிய அவர், கணவாய்க்கு வந்தவர்களை ஊர் ஊராகக் கணக்கிட்டுத் தருகிறார். ஸ்பார்ட்டாவிலிருந்து 300 பேர். தெகேயா, மன்தினேயா ஆகிய இரு நகரங்களிலிருந்தும் தலா 500 பேர். ஆர்க்காடியாவின் ஓர்க்கொமெனசிலிருந்து 120 பேர், ஏனைய ஆர்க்காடிய ஊர்களிலிருந்து 1,000 பேர், கொரிந்திலிருந்து 400 பேர், பிளியூசிலிருந்து 200 பேர், பழம்பெருமை மிக்க மைசீனியிலிருந்து 80 பேர். இவர்களுடன் தெஸ்பியாவினர் 700 பேரும், தீப்ஸ் நகரத்தார் 400 பேரும், போக்கிஸ் நாட்டவர் 1,000 பேரும் வந்தனர். அயலிலிருந்த லொக்ரிஸ் நாட்டவரோ தம்மிடமிருந்த படை முழுவதையும் கொண்டுவந்தனர். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7,000 பேர் என்று இன்றைய ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

ஸ்பார்ட்டாவிலிருந்து 300 பேர் மட்டும் வந்ததற்குக் காரணம் சமயம். அங்கே கார்னேயா என்னும் திருவிழாக் காலம். விழா முடியும்வரை படை புறப்படுவது அவர்களுடைய வழக்கத்துக்கு ஒவ்வாதது. ஒலிம்பிக் விழாவும் அதே காலத்தில் வந்தது. விழா முடிந்ததும் பெரும்படை வருமென்றும், அதுவரை வழியை அடைத்து வைக்க வேண்டுமென்றும் முடிவு செய்துகொண்டு அரசன் லியோனிடாஸ் முன்னதாகப் புறப்பட்டான். தன்னுடன் வருவதற்கு, மகன் பிறந்து உயிரோடிருக்கும் ஆடவரை மட்டுமே அவன் தெரிந்தெடுத்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். வீட்டுக்கு வாரிசு இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு ஆள் சேர்த்தவன், திரும்பி வருவதைப் பற்றி என்ன எண்ணியிருந்தான் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசி நாளன்றுகூட ஸ்பார்ட்டாவினர் தனித்து நிற்கவில்லை. பகைவர் மலைப்பாதையால் சுற்றி வந்துவிட்டனர் என்ற செய்தி எட்டியபோது லியோனிடாஸ் பெரும்பாலோரை அனுப்பிவைத்தான். தெஸ்பியாவின் 700 பேர் போக மறுத்துத் தங்கினார்கள், எல்லோரும் மடிந்தார்கள். தெஸ்பியா சிறு நகரம்; கவசம் பூண்டு போரிடத்தக்க அதன் ஆடவர் தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும் என்று கருதப்படுகிறது. போருக்குப் பின் பாரசீகர் அந்நகரைத் தீயிட்டனர். அடுத்த ஆண்டு, கி.மு. 479இல், பிளாத்தேயாப் போர்க்களத்துக்கு வந்த 1,800 தெஸ்பியாவினரிடம் முழுக்கவசம் இருக்கவில்லை. தீப்ஸ் நகரத்தாரும் கடைசிவரை அங்கே இருந்தனர். அவர்களை லியோனிடாஸ் பிணையாகப் பிடித்து வைத்திருந்தான் என்றும் இறுதியில் அவர்கள் சரணடைந்தனர் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிற்காலத்தவரான புளூட்டார்க் இதை அவதூறு என்று கடுமையாக மறுத்தார்.

இன்னுமொரு கூட்டத்தை எந்தப் பட்டியலும் எண்ணவில்லை. ஸ்பார்ட்டாவின் வயல்களை உழுத ஹெலட் என்னும் அடிமைக் குடிகள் தம் எசமானரின் ஆயுதங்களைச் சுமந்து உடன் வந்திருந்தனர். போர் முடிந்த பின் களத்தைப் பார்வையிட்டவர்கள் அவர்களுடைய உடல்களையும் கண்டனர் என்று ஹெரோடோட்டசின் நூலில் வேறோர் இடத்தில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. அவ்வளவுதான்.

பாரசீகப் படையில் ஐம்பது இலட்சம் பேர் வந்ததாகப் படித்தேன். நம்பக்கூடிய கணக்கா?
(வாசகர், சம்மாந்துறை)

நம்ப முடியாது, ஆனாலும் அந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பது சுவையானது. திரேஸ் நாட்டில் தொரிஸ்கஸ் என்னுமிடத்தில் மன்னன் சேர்க்சஸ் தன் படையை எண்ணச் செய்தானாம். முதலில் 10,000 பேரை எண்ணி, நெருக்கமாக நிறுத்தி, அவர்களைச் சுற்றிக் கோடு கிழித்தார்கள். பிறகு அவர்களை வெளியேற்றிவிட்டு, அந்தக் கோட்டின்மீது இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதற்குள் ஆட்களை நிரப்புவதும் வெளியேற்றுவதுமாக எண்ணி முடித்தார்கள். களவெட்டியில் நெல்லை மரைக்காலில் நிரப்பிக் கொட்டி அளப்பதைக் கண்ட நமக்கு இந்த முறை விளங்குவதில் சிரமமில்லை. காலாட்படை மட்டும் 17 இலட்சம் என்று கணக்கு வந்தது. அதன் மேல் குதிரைப்படை, 1,207 போர்க்கப்பல்களின் மாலுமிகள், வழியில் சேர்ந்தவர்கள், பணியாட்கள் என்று கூட்டிக்கொண்டே போன ஹெரோடோட்டஸ் இறுதியில் 52,83,220 என்ற தொகையில் வந்து நிற்கிறார்.

தாம் சொன்ன கணக்கு அவரையே திகைக்க வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் அளவு தானியம் என்று வைத்தாலும் எத்தனை மூடை வேண்டும் என்று உடனே பெருக்கிப் பார்த்து, குடித்ததில் சில ஆறுகள் வற்றிப்போனது தமக்கு வியப்பில்லை, இவ்வளவு பேருக்கும் உணவு போதுமாயிருந்ததுதான் வியப்பு என்று எழுதுகிறார். சோறு வடிக்கும் பானையிலிருந்து படையின் அளவைக் கணிப்பது நல்ல வழிதான். இன்றைய ஆய்வாளரும் அதே வழியில், தண்ணீர், தானியம், சாலையின் அகலம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, ஒன்று முதல் மூன்று இலட்சம் வரை என்று பலவாறாக மதிப்பிடுகின்றனர். அதில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் கணவாயில் நின்றவர்களைவிடப் பாரசீகர் பத்து மடங்குக்கு மேல்.

பாரசீகர் அவ்வளவு தூரம் எதற்காக வந்தார்கள்?
(வாசகர், வாகரை)

சுருக்கமாகச் சொன்னால், பழைய கணக்கைத் தீர்க்க. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த அயோனியக் கிரேக்க நகரங்கள் கி.மு. 499இல் பாரசீக ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது ஏதென்ஸ் 20 கப்பல்களை உதவிக்கு அனுப்பியது. அந்தக் கிளர்ச்சியில் பாரசீகர் வசமிருந்த சார்டிஸ் நகரம் எரிந்தது. மன்னன் டேரியஸ் உணவருந்த அமரும்போதெல்லாம் “ஏதென்சை மறவாதீர்கள், பிரபுவே” என்று மூன்று முறை சொல்வதற்கு ஒரு பணியாளை நியமித்தானாம். அவன் கி.மு. 490இல் அனுப்பிய படை மரதனில் தோற்றது. அவனுக்குப் பின் அரியணை ஏறிய மகன் சேர்க்சஸ் பத்தாண்டு கழித்துத் தானே புறப்பட்டு வந்தான்.

ஏழாயிரம் பேரால் எப்படித் தடுக்க முடிந்தது? பாரசீகரிடம் அத்தனை கப்பல்கள் இருந்தனவே, கடல் வழியாகச் சுற்றிப் போயிருக்கலாமே?
(க.பொ.த. உயர்தர மாணவி, காரைதீவு)

மகளே, உன் கேள்வியின் இரண்டாம் பகுதியைப் பெரியவர்கள் பலர் கேட்பதில்லை. முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

எழுவான்கரையில் கல்முனைப் பக்கமிருந்து மட்டக்களப்பு நோக்கி வரும்போது, கல்லாற்றுப் பகுதியில் நிலம் எப்படி ஒடுங்குகிறது என்பதை நீ பேருந்து யன்னலிலிருந்து பார்த்திருப்பாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே சாலையும் சில வளவுகளும். வாவி இருக்கும் பக்கத்தில் செங்குத்தான மலையொன்றை வைத்துக்கொள், வளவுகளையும் எடுத்துவிடு. தெர்மோப்பிலே அன்று அப்படித்தான் இருந்தது. தெற்கே கல்லிட்ரொமொஸ் மலை, வடக்கே மாலிய வளைகுடா. கணவாயின் இரு முனைகளிலும் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலம். கிரேக்கர் நின்ற நடுவாயிலில் ஏறத்தாழ 15 மீற்றர். அங்கே போக்கிஸ் நாட்டவர் முன்னொரு காலத்தில் கட்டிய சுவர் இடிந்து கிடந்தது. அதைத் திருத்திக் கட்டிக்கொண்டார்கள். பெயரின் பொருள் ‘வெப்ப வாயில்’. மகாஓயாவில் இருப்பதைப் போல வெந்நீர் ஊற்றுகள் அங்கே உண்டு, இன்றும் ஓடுகின்றன.

பத்துப் பதினைந்து பேர் தோளோடு தோள் நின்றால் அடைபடும் வாயிலில், பின்னால் எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்தாலும் முன்னால் வந்து மோதக்கூடியவர் தொகை ஒன்றுதான். மோதும்போது ஆயுதம் தீர்மானிக்கிறது. கிரேக்கக் காலாள் வெண்கலத் தலைக்கவசமும், ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள கனத்த வட்டக் கேடயமும், நீண்ட ஈட்டியும் கொண்டு, தன் கேடயத்தின் பாதியால் பக்கத்தில் நிற்பவனையும் மறைத்து நின்றான். பாரசீகரின் பலம் அம்பும் குதிரையும் விரிந்த வெளியும். அவர்களுடைய ஈட்டிகள் குட்டையானவை. கேடயங்கள் பிரம்பால் பின்னப்பட்டவை. நான்கு நாட்கள் காத்திருந்த சேர்க்சஸ் ஐந்தாம் நாள் தன் படையிலிருந்த மேதியர் என்னும் இனத்தவரை அனுப்பினான்; அவர்கள் சரிந்ததும் ‘அழிவிலார்’ எனப் பெயர் பெற்ற தன் சொந்தப் படையையே அனுப்பினான். அவர்களுக்கும் அதே கதிதான். ஸ்பார்ட்டாவினர் தோற்று ஓடுவதுபோல் பின்வாங்கி, பகைவர் ஆரவாரத்துடன் துரத்தி வரும்போது சட்டெனத் திரும்பித் தாக்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த மன்னன் மூன்று முறை ஆசனத்திலிருந்து துள்ளி எழுந்தான் என்று சொல்லப்படுகிறது.

இனிக் கடல். நீ நினைத்ததையே கிரேக்கரும் நினைத்திருந்தார்கள். கணவாய்க்குக் கிழக்கே, யூபியாத் தீவின் வட முனையிலுள்ள ஆர்த்திமீசியத்தில் 271 போர்க்கப்பல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும் பகுதி ஏதென்சுடையது. பாரசீகக் கப்பல்கள் அந்த நீரிணைக்குள் புகுந்துவிட்டால் லியோனிடாசின் முதுகுப் புறத்தில் ஆட்களை இறக்கிவிடலாம். அதைத் தடுக்கும் கடற்போர், கணவாய்ப் போர் நடந்த அதே மூன்று நாட்களில் நடந்தது. அதற்கு முன்பே காற்றும் தன் பங்கைச் செய்திருந்தது. நம் மீனவர் வாடை என்றும் சோளகம் என்றும் காற்றைப் பிரித்தறிவதைப் போல, அவ்விடத்தார் வடகிழக்கிலிருந்து வரும் ஒரு காற்றை ஹெலஸ்பொண்ட் காற்று என்றே அழைத்தனர். அது மூன்று நாள் விடாது அடித்ததில், ஒதுங்க இடமற்ற மக்னீசியாக் கரையில் நங்கூரமிட்டிருந்த பாரசீகக் கப்பல்கள் 400க்குக் குறையாமல் உடைந்தன என்பது ஹெரோடோட்டசின் கணக்கு. ஏதென்சினர் கணவாயில் இல்லை என்று சிலர் குறைசொல்வதுண்டு. அவர்கள் துடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எபியால்ட்டஸ் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் கிரேக்கர் வென்றிருப்பார்களா?
(வாசகர், ஆரையம்பதி)

வென்றிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்திருக்கலாம். மாலிஸ் நாட்டவனான எபியால்ட்டஸ் பரிசை எதிர்பார்த்து மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தான் என்பது பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. வேறு இருவர் பெயரும் அந்நாளில் அடிபட்டது. ஆனால் அந்தப் பாதை ஒருவன் மட்டும் அறிந்த மறைபொருளன்று. அவ்வூரார் ஏலவே அறிந்தது. லியோனிடாசும் அறிந்தே அதைக் காக்கப் போக்கிஸ் நாட்டவர் 1,000 பேரை மலையில் நிறுத்தியிருந்தான். இரவு முழுதும் ஏறி வந்த பாரசீகரின் காலடியில் கருவாலிச் சருகுகள் நொறுங்கும் ஓசை கேட்டுத்தான் அந்தக் காவலர் விழித்தனர். அம்புமாரி பொழிந்தது. தம்மை அழிக்கவே வந்திருக்கிறார்கள் என்று எண்ணிய காவலர், சாகத் துணிந்து மலையுச்சிக்கு ஏறி அங்கே அணிவகுத்து நின்றார்கள். பாரசீகரோ அவர்களைப் பொருட்படுத்தாமல் கீழிறங்கும் பாதையில் போய்விட்டார்கள்.

இவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது. காக்க வேண்டியது தம் உயிரையன்று, பாதையை என்பதை அந்த இருட்டில் மறந்துவிட்டார்கள். ஒருவனைத் துரோகி என்று பெயர் சொல்லி ஏசுவது எளிது. அதனால் இந்த ஆயிரம் பேரின் தடுமாற்றம் கதையில் பின்னுக்குப் போய்விட்டது.

லியோனிடாசின் முந்நூறு பேரில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லையா?
(வாசகி, திருக்கோவில்)

அம்மா, தப்பியவர் கதைதான் எனக்கு இந்தப் போர் முழுவதிலும் மிகவும் மனத்தைத் தொட்டது. யூரிட்டஸ், அரிஸ்டொடீமஸ் என்னும் இருவருக்கும் கடுமையான கண்நோய். லியோனிடாஸ் அவர்களைப் போரிலிருந்து விலக்கி அருகிலிருந்த அல்பேனி என்ற ஊரில் தங்கவைத்திருந்தான். முடிவு நெருங்கிய செய்தி கேட்டதும் யூரிட்டஸ் கவசத்தை வாங்கி அணிந்து, பார்வை தெரியாத நிலையில் தன் ஹெலட் பணியாளின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போனான். பணியாள் ஓடிவிட்டான், இவன் கூட்டத்துக்குள் பாய்ந்து மடிந்தான். அரிஸ்டொடீமஸ் ஊர் திரும்பினான்.

இருவரும் திரும்பியிருந்தாலோ, அல்லது அவன் ஒருவனே நோயாளியாக இருந்திருந்தாலோ, ஸ்பார்ட்டா சினந்திருக்காது என்கிறார் ஹெரோடோட்டஸ். ஒரே நோய், ஒரே சாட்டு. ஒருவன் இறந்துவிட்டதால் மற்றவன் உயிரோடிருப்பது குற்றமாகிவிட்டது. ‘நடுங்கி’ என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவனுடன் யாரும் பேசவில்லை. அவன் வீட்டு அடுப்புக்கு எவரும் நெருப்புக் கொடுக்கவில்லை. ஊர் விலக்கு என்றால் என்னவென்று நம் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டால் அவர்களும் நெருப்பையும் தண்ணீரையும்தான் முதலில் சொல்வார்கள்.

மறு ஆண்டு பிளாத்தேயாவில் அவன் அணியை விட்டு வெறியோடு முன்னே பாய்ந்து போரிட்டு இறந்தான். அன்று எல்லோரிலும் சிறப்பாகப் போரிட்டவன் அவனே என்பது ஹெரோடோட்டசின் தீர்ப்பு. ஸ்பார்ட்டாவினரோ, அவன் சாவை விரும்பிப் போனவன், வாழ விரும்பியும் நன்கு போரிட்டவனே மேலானவன் என்று கூறி, மற்றவர்களுக்கு அளித்த மரியாதையை அவனுக்கு அளிக்கவில்லை. பொறாமையால் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று ஹெரோடோட்டஸ் சேர்த்துக்கொள்கிறார். அந்த வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். பண்டைட்டஸ் என்று இன்னொருவனும் உண்டு. தெசலிக்குத் தூது அனுப்பப்பட்டதால் உயிர் தப்பியவன். அவமதிப்புத் தாங்காமல் தூக்கிட்டுக்கொண்டான்.

“ஆயுதங்களைக் கொடு” என்று சேர்க்சஸ் கேட்க, “வந்து எடுத்துக்கொள்” என்று லியோனிடாஸ் சொன்னது உண்மையா?
(வாசகர், அட்டாளைச்சேனை)

அதை நமக்குச் சொல்பவர் போருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்தி வாழ்ந்த புளூட்டார்க். ஹெரோடோட்டசிடம் அது இல்லை. அவரிடம் இருப்பது டியனேக்கஸ் என்ற வீரனின் சொல்: பாரசீகர் அம்பெய்தால் சூரியன் மறைந்துவிடும் என்று ஒருவன் அச்சுறுத்த, “நல்லது, நிழலில் போரிடலாம்” என்றானாம். வெயிலில் நின்று பழகியவன் பேசக்கூடிய பேச்சாக இருப்பதால் இதை நம்ப எனக்கு விருப்பம்.

இப்போது அந்த இடத்துக்குப் போனால் கணவாயைப் பார்க்கலாமா?
(வாசகர், வாழைச்சேனை)

போகலாம், ஆனால் கணவாயைத் தேட வேண்டியிருக்கும். ஸ்பேர்க்கியொஸ் ஆறு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் வளைகுடா தூர்ந்து, கடல் சில கிலோமீற்றர் விலகிப்போய்விட்டது. மாரி வெள்ளம் வரும்போதெல்லாம் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடும் நமக்கு, ஆறும் கடலும் கரையை மாற்றி எழுதுவது புதிதல்ல. அன்று கடலலை மோதிய இடத்தின் அருகே இன்று நெடுஞ்சாலை போகிறது; அதற்கப்பால் விளைநிலம்.

கடைசி வீரர்கள் ஒதுங்கி நின்று மடிந்த கொலொனொஸ் என்ற சிறு குன்று அங்கே இருக்கிறது. 1939இல் தொல்லியலாளர் ஸ்பிரிடன் மரினாட்டோஸ் அகழ்ந்தபோது பாரசீகப் பாணி அம்புமுனைகள் ஏராளமாகக் கிடைத்தன. கையில் வாள் மிஞ்சியவர் வாளாலும், அதுவுமற்றவர் கையாலும் பல்லாலும் போரிட, பாரசீகர் தொலைவில் நின்றே எய்து முடித்தார்கள் என்ற பழைய வரிக்கு மண்ணே சாட்சி.

“வழிப்போக்கனே, ஸ்பார்ட்டாவினரிடம் சொல்: அவர்கள் சொல்லுக்குப் பணிந்து இங்கே கிடக்கிறோம்” என்ற புகழ்பெற்ற நடுகல் வரிகள் புதிய கல்லில் பொறிக்கப்பட்டு அந்தக் குன்றின்மேல் வைக்கப்பட்டுள்ளன. அக்காலத்தில் அங்கே வேறொரு கல்லும் இருந்தது. ஸ்பார்ட்டா இருக்கும் தென் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீசிலிருந்து வந்த 4,000 பேர் இவ்விடத்தில் முப்பது இலட்சம் பேரோடு போரிட்டனர் என்று அதில் எழுதியிருந்ததை ஹெரோடோட்டஸ் படியெடுத்துத் தந்திருக்கிறார். எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் நாலாயிரம் என்பதை மறைக்கும் வழக்கம் அப்போது இல்லை.

சாலையோரத்தில் ஈட்டியை ஓங்கி நிற்கும் லியோனிடாசின் வெண்கலச் சிலை 1955இல் நிறுவப்பட்டது. தெஸ்பியாவின் 700 பேருக்கான நினைவுச் சின்னம் 1997இல்தான் அதன் அருகே வந்தது. களுவாஞ்சிகுடி ஆசிரியர் ஐயாவின் கடிதம் எனக்கு ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டது.